உபதேசியாரும் வாத்தியாரும் ஒருவரே: காவிரிப் படுகையின் சபை ஆசிரியர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் தந்தை மயிலாடுதுறைக்கும் தரங்கம்பாடிக்கும் இடைப்பட்ட ஒரு சிற்றூரில் 1951 முதல் 1985 வரை தொடக்கப்பள்ளி ஆசிரியராகவும், அதே கூரைக்குக் கீழே கூடிய லுத்தரன் சபைக்கு உபதேசியாராகவும் இருந்தார். அந்த ஊரிலிருந்து வெளியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது என்னிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால், அவற்றுக்கான பதில்களை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன். கேள்வி கேட்டுப் பதில் சொல்லும் முறை எங்கள் வீட்டுக்குப் புதிதன்று. மார்ட்டின் லுத்தர் எழுதிய 'சிறிய ஞானோபதேசம்' என்ற சமயப் பாடநூல் முழுவதும் அப்படித்தான் அமைந்திருக்கிறது. அதை மனப்பாடமாக ஒப்பிக்காமல் நாங்கள் ஒருவரும் திடப்படுத்தல் (சபையின் முழு உறுப்பினராகும் சடங்கு) பெற்றதில்லை.

உபதேசியார் என்பவர் யார்? ஐயருக்கும் அவருக்கும் என்ன வேறுபாடு?

குருப்பட்டம் பெற்றவரை எங்கள் பக்கத்தில் 'ஐயர்' என்றே அழைப்பார்கள். சாதிப் பெயரோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். சீகன்பால்க் ஐயர், சுவார்ட்ஸ் ஐயர் என்று ஐரோப்பிய மிஷனரிகளையும் அப்படி அழைத்த வழக்கம் பின்னர் தமிழ்க் குருமாருக்கும் வந்தது. ஒரு ஐயரின் பொறுப்பில் பல கிராமச் சபைகள் இருக்கும். அவர் மாதத்துக்கு ஒருமுறையோ இரண்டு மாதத்துக்கு ஒருமுறையோ சைக்கிளில் வந்து திருவிருந்து (அப்பமும் திராட்சரசமும்) கொடுப்பார், ஞானஸ்நானம் கொடுப்பார், சபையில் கல்யாண அறிவிப்பான ஓலை வாசிக்கப்பட்ட ஜோடிகளுக்கு விவாகம் நடத்தி வைப்பார். மற்ற நாள்களிலெல்லாம் சபையை நடத்துபவர் உபதேசியார். ஞாயிறு ஆராதனை, பிரசங்கம், வீட்டு ஜெபம், நோயாளியைப் பார்ப்பது, அடக்கம் ஆகிய எல்லாம் அவர் கையில்தான். திருவிருந்து மட்டும் அவர் கொடுக்கக் கூடாது. பிழைக்காது என்று தோன்றும் பச்சைக் குழந்தைக்கு அவசர ஞானஸ்நானம் கொடுக்க அவருக்கு அனுமதி உண்டு. என் தந்தை அப்படிக் கொடுத்த ஒரு குழந்தை பிழைத்து, பின்னாளில் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றது.

ஒரே ஆள் ஏன் இரண்டு வேலையையும் பார்த்தார்?

இதற்குக் கொள்கைக் காரணம் ஒன்றும், காசுக் காரணம் ஒன்றும் உண்டு.

கொள்கைக் காரணம் 1706இலிருந்து வருகிறது. டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக் அனுப்பிய சீகன்பால்கும் புளுட்சௌவும் அந்த ஆண்டு ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கினார்கள். சீகன்பால்க் தமிழ் கற்றதே ஒரு வாத்தியாரைப் பிள்ளைகளோடு வரவழைத்து, அவர்கள் நடுவில் தாமும் தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதிப் பழகியதன் வழியாகத்தான். 1714இல் நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும், மறு ஆண்டில் புதிய ஏற்பாடு முழுவதும் தரங்கம்பாடி அச்சகத்தில் தமிழில் அச்சாயின. வேதத்தை ஒவ்வொருவரும் தாமே வாசிக்க வேண்டும் என்பது அவர்களுடைய சமயத்தின் அடிப்படை. ஆகவே சபை சேர்ந்த இடத்திலெல்லாம் எழுத்துச் சொல்லிக் கொடுக்க ஒருவர் தேவைப்பட்டார். பெண்பிள்ளைகளுக்கும் அவர்கள் தொடக்கத்திலேயே பள்ளி நடத்தினார்கள். உபதேசியார்களையும் ஆசிரியர்களையும் பயிற்றுவிக்க 1716இல் தரங்கம்பாடியில் ஒரு பயிற்சிப் பள்ளி ஏற்பட்டபோது இரண்டு வேலைகளும் ஒரே பாடத்திட்டத்துக்குள் வந்துவிட்டன.

காசுக் காரணம் எளிது. சபையார் கூலித் தொழிலாளர்கள். ஓர் ஊழியருக்கு முழுச் சம்பளம் கொடுக்க அவர்களால் ஆகாது. பள்ளி அரசு உதவி பெற்றால் ஆசிரியர் சம்பளத்துக்கு மானியம் வரும். எனவே மானியத்தில் வாழும் ஆசிரியரையே உபதேசியாராகவும் வைத்துக்கொண்டார்கள். இதை வெளிப்படையாகச் சொல்லப் பலருக்குத் தயக்கம் இருக்கிறது. என் கணிப்பில், இந்த ஏற்பாடு இல்லாதிருந்தால் படுகையின் சேரிகளில் பாதி இடங்களில் பள்ளியும் இருந்திராது, சபையும் இருந்திராது.

தமிழரில் முதலில் குருப்பட்டம் பெற்றவர் யார்?

கடலூரைச் சேர்ந்த ஆரோன். தரங்கம்பாடியில் உபதேசியாராக ஊழியம் செய்தவர். 1733 டிசம்பர் 28 அன்று குருப்பட்டம் பெற்றார். 1741இல் தியோகு இரண்டாமவராக அபிஷேகம் பெற்றார். தஞ்சாவூரில் சுவார்ட்ஸ் ஐயர் 1790இல் சத்தியநாதனுக்குக் குருப்பட்டம் கொடுத்தார். ஆனால் இந்த வரிசையில் இடம்பெறாத ஒருவரைப் பற்றித்தான் என் தந்தை அதிகம் பேசுவார். அவரைப் பற்றி அடுத்த பதிலில் சொல்கிறேன்.

சபைக்குள் சாதி இருந்ததா?

இருந்தது. இராஜநாயக்கன் தஞ்சை மன்னரின் படையில் இருந்தவர். தரங்கம்பாடியில் அச்சான சுவிசேஷங்களை வாசித்து மனம் திரும்பி, 1720களின் இறுதியில் உபதேசியாராகி, தஞ்சை நாட்டில் பல சபைகளை எழுப்பியவர். குருப்பட்டத்துக்கு அவரைவிடத் தகுதியானவர் இல்லை என்று மிஷனரிகளே எண்ணினார்கள். அவர் பறையர் என்பதால், மற்றச் சாதிக் கிறிஸ்தவர்கள் அவர் கையால் திருவிருந்து வாங்க மாட்டார்கள் என்று அஞ்சி, அவரைக் கடைசிவரை உபதேசியாராகவே நிறுத்திவிட்டார்கள். அவர் 1771 வரை வாழ்ந்தார்.

நூறாண்டு கழித்தும் நிலைமை பெரிதாக மாறவில்லை. 1833இல் ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன், கோயிலில் தனித்தனியாக உட்காருவதையும் தனித்தனியாகத் திருவிருந்து வாங்குவதையும் நிறுத்த வேண்டும் என்று ஆணையிட்டபோது தஞ்சைச் சபையாரில் பலர் ஏற்க மறுத்தார்கள். அவர்களுக்காகப் பேசியவர்களில் பெத்லகேம் குறவஞ்சி பாடிய வேதநாயகம் சாஸ்திரியாரும் ஒருவர். அவருடைய தமிழுக்கு முன்னால் நான் தலைவணங்குகிறேன்; அந்த வாதத்துக்கு முன்னால் வணங்க என்னால் முடியவில்லை. மறுத்தவர்களில் ஒரு பகுதியினர் 1840களில் ஜெர்மனியிலிருந்து வந்த லைப்சிக் மிஷனின் லுத்தரன் சபைகளில் சேர்ந்தார்கள். ஆகவே எங்கள் திருச்சபையின் வேரிலேயே அந்தக் கறை இருக்கிறது. என் சிறுவயதில் எங்கள் ஊர்ச் சபை முழுவதும் ஒரே தெருவைச் சேர்ந்தது என்பதால் கோயிலுக்குள் பிரிவினை இல்லை. பிரிவினை ஊருக்கும் தெருவுக்கும் நடுவே, ஒரு வாய்க்காலின் அகலத்தில் இருந்தது.

சபை ஆசிரியரின் ஒரு நாள் எப்படிக் கழியும்?

விடியுமுன் மணி அடிப்பார். மணி என்றால் வேப்ப மரத்தில் கட்டித் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டு. அது ஜெபத்துக்கும் அடிக்கும், பள்ளிக்கும் அடிக்கும், சாவுக்கும் அடிக்கும். எத்தனை அடி, என்ன இடைவெளி என்பதைக் கொண்டு வயலில் நிற்பவர்கள் தெரிந்துகொள்வார்கள். பள்ளி நேரத்தில் ஐந்து வகுப்புகளுக்கு இரண்டே ஆசிரியர்கள். என் தந்தையிடம் மூன்று வகுப்புகள் இருந்தன. மூன்றாம் வகுப்பு வாய்பாடு சொல்ல, நான்காம் வகுப்பு சிலேட்டில் கணக்குப் போட, ஐந்தாம் வகுப்பு அவர் முகத்தைப் பார்த்தபடி பாடம் கேட்கும். பலகைகளை ஞாயிறு காலையில் திருப்பிப் போட்டால் அதுவே கோயில். மேசைமேல் வெள்ளைத் துணி விரித்தால் பீடம். துணியை எடுத்தால் சாக்குக்கட்டி வைக்கும் இடம்.

மாலையில்தான் அவருடைய வேலை கூடும். அரிக்கேன் விளக்கின் முன்னே ஒருவர் புரோநோட்டைப் படித்துச் சொல்லக் கேட்டு வருவார், இன்னொருவர் சிங்கப்பூரிலிருந்து வந்த கடிதத்தோடு வருவார். தாசில்தாருக்கு மனு, மகளைத் திருப்பி அனுப்பிய சம்பந்தி வீட்டுக்குக் கடிதம் என்று எல்லாவற்றையும் அவர்தான் எழுத வேண்டும். பெரியவர்களுக்கு இரவில் எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். அவர்கள் எழுத்தைவிடக் கணக்கைத்தான் விரும்பிக் கற்றார்கள். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம் என்று அளந்து, களத்தில் வாங்கும் கூலி நெல்லில் எத்தனை கருக்காய் (பதர்) என்று ஊதிப் பார்த்துக் கழித்துக் கணக்கிடுவதுதான் அவர்களுக்கு உடனே பயன்பட்ட பாடம்.

வருடம் முழுவதும் பிள்ளைகள் ஒழுங்காக வந்தார்களா?

மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறந்தால் சில நாள்களில் எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்துவிடும்; தண்ணீர் வந்தால் பள்ளி காலியாகும். குறுவை நடவில் தாய்மார் இறங்குவதால் எட்டு வயதுப் பெண்பிள்ளைகள் கைக்குழந்தையோடு வீட்டில் இருப்பார்கள். என் தந்தை அவர்களைக் குழந்தையோடேயே பள்ளிக்கு வரச் சொன்னார். வகுப்பின் ஓரத்தில் இரண்டு தூளிகள் ஆடும். ஆய்வுக்கு வந்த இன்ஸ்பெக்டர் ஒருவர் அதற்காக அவரைக் கடிந்துகொண்டது எனக்கு நினைவிருக்கிறது. வருகைப் பதிவேட்டில் ஆள் குறைந்தாலும் அவரே கடிந்துகொள்வார். 1956இல் காமராசர் அரசு மதிய உணவைத் தொடங்கிய பிறகு, நடவுக் காலத்திலும் பாதிப் பேராவது வந்தார்கள்.

சம்பளம் போதுமானதாக இருந்ததா?

இல்லை. மானியம் நிர்வாகத்தின் கை வழியாக வந்த ஆண்டுகளில் எந்தத் தேதியில் வரும் என்று தெரியாது. முழுத் தொகைக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, 'காணிக்கை' என்று ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்த தாளாளர்களும் இருந்தார்கள். எங்கள் வீட்டில் அது நடந்தது. அதைக் குறித்து என் தந்தை ஒருமுறை எழுதிய கடிதத்தின் விளைவாக அவருடைய இடமாற்றம் பேசப்பட்டு, சபையார் திரண்டு போய் நின்றதால் கைவிடப்பட்டது. உபதேசியார் வேலைக்கென்று கிடைத்த படி, ஞாயிற்றுக்கிழமை பயணத்துக்கும் விளக்குக்கான மண்ணெண்ணெய்க்கும் சரியாக இருக்கும்.

சபையார் கொடுத்தது வேறு. ஒவ்வொரு வேளையும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டு வைத்து ஞாயிறன்று கொண்டுவருவார்கள். பிடியரிசிக் காணிக்கை என்று பெயர். அதில் ஒரு பங்கு எங்களுக்கு. பல வீட்டு அரிசி கலந்ததால் சோறு ஒருபோதும் ஒரே பதமாக வேகாது. பாதி குழைந்தும் பாதி விறைத்தும் இருக்கும். அறுப்பின் பண்டிகையில் பூசணிக்காயும் வாழைத்தாரும் கோழியும் ஏலம் போகும்போது, வாத்தியார் வீட்டுப் பிள்ளைகள் ஏலம் கேட்கக் கூடாது என்பது என் அம்மாவின் சட்டம்.

அவருடைய மனைவிக்கு என்ன பங்கு?

ஆவணங்களில் ஒரு வரியும் இருக்காது. வாத்தியாரம்மா ஞாயிறு பள்ளி நடத்துவார், பெண்களுக்கு ஜெபக்கூட்டம் வைப்பார், பிரசவ வீட்டுக்கு ஓடுவார், சண்டை வந்த வீட்டில் பெண்பக்கம் கேட்பார். பாமாலையும் கீர்த்தனையும் தொடங்கிவைக்கும் குரல் எங்கள் சபையில் என் அம்மாவுடையது. என் தந்தைக்குச் சுருதி நிற்காது. இதற்கெல்லாம் அவருக்குக் கிடைத்தது 'அம்மா' என்ற பட்டம் மட்டுமே.

பள்ளியைப் பயன்படுத்திப் பிள்ளைகளை மதம் மாற்றினார்களா?

தொடக்கக் காலப் பள்ளிகளின் நோக்கத்தில் மதப்பரப்பல் இருந்தது; அதை மறைப்பதில் பயனில்லை. குடியரசான பிறகு அரசியல் சட்டத்தின் 28ஆவது பிரிவின்படி, அரசு உதவி பெறும் நிறுவனத்தில் சம்மதமில்லாமல் எந்தப் பிள்ளையையும் சமயப் போதனைக்கு உட்படுத்தக் கூடாது. எங்கள் பள்ளியில் ஏறத்தாழ பாதிப் பேர் இந்துப் பிள்ளைகள். வேதபாட நேரத்தில் அவர்களுக்கு ஆத்திசூடியும் நல்வழியும் நடக்கும். இரண்டும் ஒரே அறை என்பதால் அவர்களுக்குப் பத்துக் கட்டளைகளும், எங்களுக்கு ஔவையும் மனப்பாடம்.

ஒரே ஆளுக்குச் சபையில் ஒரு பெயரும் பள்ளியில் வேறு பெயரும் ஏன்?

என்னிடம் மிகுதியாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான், சற்று விரிவாகச் சொல்ல வேண்டியதும் இதுதான்.

1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதியினருக்கான உரிமைகளை இந்துக்களுக்கு மட்டும் என்று வரையறுத்தது. 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் அதில் சேர்க்கப்பட்டார்கள், கிறிஸ்தவர்கள் சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில் பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவரானவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். அதாவது, ஒரே தெருவில், ஒரே வயலில் ஒரே கூலிக்கு வேலை செய்யும் அண்ணன் தம்பிகளில், ஞானஸ்நானம் பெற்றவனின் பிள்ளைக்கு உதவித்தொகையும் விடுதியும் வேலை ஒதுக்கீடும் ஒரு விதம், பெறாதவனின் பிள்ளைக்கு வேறு விதம்.

எனவே பல குடும்பங்கள் சபையில் ஞானப்பிரகாசம் என்றும் பள்ளியில் கலியபெருமாள் என்றும் பெயர் கொடுத்தன. இப்போது நினைத்துப் பாருங்கள்: ஞானஸ்நானப் பதிவேட்டில் எழுதுபவரும் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் எழுதுபவரும் ஒருவரே. ஞாயிறன்று இந்தக் குழந்தையின் பெயர் என்ன என்று சபை முன்பாகக் கேட்டு எழுதியவர், ஐந்து ஆண்டு கழித்து ஜூன் மாதத் திங்கட்கிழமை அதே தகப்பனிடம் பெயரும் மதமும் கேட்க வேண்டும். தகப்பன் சொன்னதை அவர் எழுதினார். அவர் அறிந்ததை எழுதியிருந்தால் அந்தப் பிள்ளை மேற்படிப்புக்குப் போயிராது. என் தந்தை எழுதி முடித்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் எழுந்து வெளியே நிற்பார். அவர் செய்தது சரியா என்று ஒரு ஐயர் அவரிடம் கேட்டபோது, 'தகப்பன் வாய்மொழிப்படி' என்ற குறிப்பைக் காட்டினாராம். நான் அவரிடம் கேட்டபோது அந்தப் பதிலையும் சொல்லவில்லை. என்னைக் கேட்டால், பொய்யைப் பதிவேட்டில் புகுத்தியது அந்தத் தகப்பன்களும் அல்ல, அவரும் அல்ல. சாதி மதத்தோடு ஒழிந்துவிடும் என்று கற்பனை செய்துகொண்ட ஆணைதான்.

கூலிப் போராட்டங்களில் சபை ஆசிரியர் எந்தப் பக்கம் நின்றார்?

ஆளுக்கு ஆள் வேறுபடும். 1952இல் வந்த தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் பண்ணையாளை நினைத்தபோது வெளியேற்றுவதைத் தடுத்து, கூலிக்கு அளவும் நிர்ணயித்தது. அதை என் தந்தை இரவு வகுப்பில் வரிவரியாக வாசித்துக் காட்டினார் என்று முதியவர்கள் சொல்வார்கள். ஆனால் செங்கொடிக் கூட்டங்களில் அவர் மேடை ஏறியதில்லை. பள்ளிக்கு இடம் கொடுத்திருந்தவர் மிராசுதார். 1968 டிசம்பர் 25 இரவு, கூலிப் போராட்டம் நடந்த கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிந்து இறந்தார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். செய்தி எங்கள் ஊருக்கு வந்தபோது கிறிஸ்துமஸ் தோரணம் இன்னும் கழற்றப்படவில்லை. அதற்கடுத்த ஞாயிறு அவர் ஏரோது குழந்தைகளைக் கொன்ற பகுதியை வாசித்தார். பிரசங்கம் செய்யாமல் வேதத்தை மூடிவிட்டார். அது துணிவா, துணிவின்மையா என்று எனக்கும் என் தம்பிக்கும் இன்றும் ஒத்துப்போகவில்லை.

மழைக்காலத்திலும் புயலிலும் என்ன செய்தார்கள்?

1952 நவம்பர் 30, திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. அன்று நாகப்பட்டினத்தருகே கரை கடந்த புயலில் எங்கள் பள்ளிக்கோயிலின் கீற்றுக்கூரை முழுவதும் போயிற்று. பொங்கல் வரை புளிய மரத்தடியில் வகுப்பும் ஆராதனையும் நடந்தன. 1977 நவம்பர் 12 புயலில் ஓடு பறந்தது, சுவர் நின்றது.

புயலைவிட அடிக்கடி வரும் துன்பம், மழைக்காலச் சாவு. எங்கள் கல்லறைத் தோட்டத்துக்குப் பாதை கிடையாது. சம்பா நின்ற வயல் வரப்பும் ஒரு வாய்க்காலும்தான் வழி. ஐப்பசியில் ஒருமுறை, மார்பளவு ஓடிய தண்ணீரில் நான்கு பேர் பெட்டியைத் தலைமேல் தூக்கிப் போக, என் தந்தை ஜெபப் புத்தகத்தை வேட்டித் தலைப்பில் சுற்றித் தலைக்கு மேல் பிடித்தபடி பின்னால் இறங்கியதைக் கரையில் நின்று பார்த்தேன். நடுவில் ஒருவர் கால் வழுக்க, அவர் ஒரு கையால் பெட்டியைத் தாங்கினார். மற்றக் கை இறங்கவில்லை. வெட்டிய குழியில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது. இறைக்க இறைக்க ஊறியதால், வாசிப்பைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார்.

இன்றும் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்களா?

மிகக் குறைவு. இன்று ஆசிரியர் வேலைக்கு வருபவர் மயிலாடுதுறையிலோ கும்பகோணத்திலோ குடியிருந்து பைக்கில் வந்து போகிறார். ஊழியத்துக்கு வருபவர் இறையியல் கல்லூரியில் பட்டம் பெற்றவர். இரு வேலைகளும் பிரிந்ததால் இரண்டும் தரம் உயர்ந்தன என்பது உண்மை. இரவில் மனு எழுதிக் கொடுக்க ஊரில் ஆளில்லை என்பதும் உண்மை; அதற்கு இப்போது இ-சேவை மையம் இருக்கிறது.

என் தாத்தாவின் பதிவைத் தேட வேண்டும். எங்கே தொடங்குவது?

ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் ஆகிய மூன்றும் கிராமத்தில் அல்லாமல் அந்தச் சபை சேர்ந்திருக்கும் குருசேகரத்தின் (ஓர் ஐயரின் பொறுப்பிலுள்ள சபைகளின் தொகுதி) தலைமைச் சபையில் இருக்கும். முதலில் ஐயரைப் பார்த்து, எந்த ஆண்டு என்று தோராயமாகவாவது சொல்லுங்கள். 1919 ஜனவரி 14 அன்று தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை ஏற்பட்டது. அதற்கு முந்தைய பதிவுகள் மிஷன் காலத்தவை, எழுத்து வேறு மாதிரி இருக்கும், ஊர்ப் பெயர்களும் பழைய வடிவில் இருக்கும்: மாயூரம், தரங்கன்பாடி, பொறையாறு. பள்ளிப் பதிவுக்குத் தலைமை ஆசிரியரிடம் சேர்க்கைப் பதிவேட்டைக் கேளுங்கள். பள்ளி மூடப்பட்டிருந்தால் வட்டாரக் கல்வி அலுவலகத்தில் விசாரியுங்கள். இரண்டு இடத்திலும் விண்ணப்பத்தில் ஒரே பெயரை எழுதாதீர்கள். பாட்டியோ பெரியம்மாவோ உயிரோடு இருந்தால், தாத்தாவைக் கோயிலில் எப்படிக் கூப்பிட்டார்கள், ரேஷன் கார்டில் என்ன இருந்தது என்று இரண்டையும் கேட்டுக்கொண்டு போங்கள்.